இலாபம் தராத எந்திரம்: ஹீரோனின் அரபு நூலும் தருமபுரிக் கவலையும்

தருமபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம் பகுதிகளில் பயணம் செய்வோர் பழைய வெட்டுக் கிணறுகளின் விளிம்பில் இரட்டைக் கல்தூண்கள் நிற்பதைக் காணலாம். சில கிணறுகளில் தூண் ஒன்று சாய்ந்திருக்கும். சிலவற்றில் குறுக்குச் சட்டத்தைத் தாங்கிய பள்ளம் மட்டும் கல்லில் எஞ்சியிருக்கும். தூண்களுக்கு நேர் எதிரே, கிணற்றை விட்டு விலகிச் செல்லும் ஒரு மண் சரிவும் பல இடங்களில் இன்னும் அழியாதிருக்கிறது. ஒரு காலத்தில் அச்சரிவில் எருதுகள் இறங்கியும் ஏறியும் நீர் இறைத்தன. அக்கருவிக்குக் கவலை என்று பெயர். கமலை என்றும் கபிலை என்றும் வட்டாரந்தோறும் பெயர் வேறுபடும்.

இக்கிணறுகளுக்கு அருகிலேயே உயர்நிலைப் பள்ளிகள் உள்ளன. அங்குப் பயிலும் மாணவர்கள் இயற்பியல் பாடத்தில் எளிய எந்திரங்களைப் பற்றிப் படிக்கின்றனர். நெம்புகோல், கப்பி, சாய்தளம் ஆகியவற்றின் படங்களை வரைகின்றனர். பளுவை முயற்சியால் வகுத்தால் கிடைப்பது எந்திர இலாபம் என்று மனனம் செய்கின்றனர். சில பக்கங்கள் தள்ளி, அல்லது மறு ஆண்டில், ஆற்றல் அழிவின்மை விதி வருகிறது. ஆற்றலை ஆக்கவும் இயலாது, அழிக்கவும் இயலாது என்பது அதன் சாரம். ஆக்கவே இயலாத ஒன்றில் இலாபம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவர் மிகச் சிலரே. இவ்விரு பாடங்களும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்பதைக் கூறும் வாய்ப்பும் வகுப்பறையில் பெரும்பாலும் நேர்வதில்லை.

இலாபம் என்னும் சொல்லே இக்குழப்பத்தின் வேர் என்பது நம் கருத்து. வணிகத்தில் ஊறிய நம் மக்கள் அச்சொல்லின் பொருளை நன்கறிவர். முதலுக்கு மேல் மிஞ்சுவதே இலாபம். எந்திரத்திலோ எதுவும் மிஞ்சுவதில்லை. விசையில் மிச்சப்படுவது தூரத்தில் செலவாகிவிடுகிறது. இது பண்டமாற்றேயன்றி இலாபமன்று. தரகுக்கூலி கழிவதைச் சேர்த்துப் பார்த்தால் சிறிது நட்டமே எனலாம். இக்கணக்கை மனித அறிவு எவ்வாறு படிப்படியாகக் கண்டது என்பதையும், அவ்வரலாற்றில் அரபு மொழிக்குரிய இடம் எது, உரிமை கொண்டாடக் கூடாத இடம் எது என்பதையும், தருமபுரிக் கிணற்று மேட்டிலேயே நின்று காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கவலையின் அமைப்பை நினைவுகூர்வோம். இளந்தலைமுறையினர் பலர் அதைக் கண்டிருக்க மாட்டார்கள். கல்தூண்களுக்கு இடையே மேலே ஓர் உருளை, கிணற்று விளிம்பில் கீழே மற்றோர் உருளை. மேலுருளை வழியே செல்லும் தடித்த வடத்தின் ஒரு முனையில் இரும்புச் சால், மறுமுனையில் எருதுகளின் நுகம். சாலின் அடியில் இருபுறமும் திறந்த தோல் குழாய் ஒன்று தைக்கப்பட்டிருக்கும். அதன் வாயைக் கீழுருளை வழியே செல்லும் மெல்லிய வால்கயிறு மடக்கிப் பிடித்திருக்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். விளிம்பை எட்டியதும் தோல்வாய் தொட்டியை நோக்கி நீண்டு, ஆள் எவரும் கை வைக்காமலே நீர் கொட்டிவிடும். பின்னர் எருதுகள் பெரும்பாலும் பின்னோக்கி நடந்தே மேடேற, வெறுஞ்சால் மீண்டும் நீரில் அமிழும். ஓட்டுபவர் இறங்கும்போது வடத்தின்மேல் அமர்ந்துகொள்வதும் உண்டு.

பாடநூல் கண்கொண்டு நோக்கினால் இதில் ஒரு வியப்பு உள்ளது. மேலே இருப்பது ஒற்றை நிலைக்கப்பி. நிலைக்கப்பியின் எந்திர இலாபம் ஒன்று. அதாவது அது விசையின் திசையை மாற்றுமேயன்றி அதைக் குறைக்காது. 150 லிட்டர் நீர் கொண்ட சாலைத் தூக்க 150 கிலோகிராம் எடைக்கு ஈடான இழுவை வேண்டும். அப்படியாயின் சரிவு எதற்கு? சமதரையிலேயே எருதுகளை நடத்தியிருக்கலாமே!

விடை எருதின் உடல் எடையில் உள்ளது. ஓர் இணை எருதுகள் 600 கிலோ எடையுள்ளவை என்றும், கிணற்று நீர் 10 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும், சரிவு எட்டுக்கு ஒன்று என்றும் கொள்வோம். எண்கள் கணக்கின் எளிமை கருதி நாம் எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் இவை மாறும். எட்டுக்கு ஒன்றான சரிவில் எருதுகளின் எடையில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 75 கிலோ, அவற்றைத் தானாகவே கீழ்நோக்கித் தள்ளும். எனவே 150 கிலோ இழுவையில் பாதியை எடை தருகிறது. மறுபாதியை மட்டுமே தசை தருகிறது. நீர் மேலே வந்துவிட்டது. எருதுக்குப் பாதி உழைப்பு மிச்சமாகிவிட்டது போலத் தோன்றுகிறது.

ஆனால் எருது இப்போது பள்ளத்தில் நிற்கிறது. 10 மீட்டர் நடந்ததில் 1.25 மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. அடுத்த சாலுக்கு அது மேடேற வேண்டும். தன் உடலையே சுமந்து ஏறுவதற்கு ஒவ்வோர் அடியிலும் அதே 75 கிலோவுக்கு ஈடான விசையை அது செலுத்தியாக வேண்டும். 600 கிலோவை 1.25 மீட்டர் உயர்த்தும் வேலை 750 கிலோகிராம்-மீட்டர். இறங்கும்போது தசை செய்த வேலை 75 கிலோவை 10 மீட்டருக்கு, அதுவும் 750. இரண்டும் சேர்ந்து 1500. நீரோ 150 கிலோ, 10 மீட்டர் உயர்ந்தது, அதுவும் 1500. கணக்கு முடிந்தது. ஒரு காசும் மிஞ்சவில்லை.

அப்படியானால் சரிவினால் பயன் யாதுமில்லையா என்றால், மிகப் பெரும் பயன் உண்டு. 150 கிலோ விசையை 10 மீட்டருக்குச் செலுத்தி, திரும்பும்போது வீணே நடந்து வருவதற்குப் பதிலாக, 75 கிலோ விசையைப் போக்கிலும் வரவிலுமாக 20 மீட்டருக்குச் செலுத்துகிறது எருது. சுமை பாதி, வழி இரட்டிப்பு. சரிவு இல்லாவிடில் நான்கு எருதுகள் வேண்டிய இடத்தில் இரண்டு போதும். ஏழை உழவனுக்கு அதுவே வாழ்வுக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளி. மேடேறும் எருது வெறுமனே திரும்பி வருகிறது என்றுதான் பார்ப்போர் நினைப்பர். உண்மையில் அது அடுத்த சாலுக்குரிய பாதி வேலையைத் தன் உடலுக்குள் சேமித்துக்கொண்டு வருகிறது. நிலையாற்றல் என்று மாணவன் படிப்பது இதைத்தான். வடத்தின்மேல் அமர்ந்து எடை கூட்டும் ஓட்டுநரும் தம் கால்களால் மேடேறித்தான் அக்கடனை அடைக்கிறார். அவருடைய காலைக் கஞ்சியிலிருந்தும் சில துளி நீர் மேலே வந்தது என்று கூறுவது மிகையன்று.

இக்கணக்கு எப்போது எழுத்தில் ஏறியது? கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன் என்னும் கிரேக்க அறிஞர் பளுக்களை உயர்த்துவது பற்றி மூன்று பாகங்களில் ஒரு நூல் எழுதினார். அச்சும் உருளையும், நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு என ஐந்து எந்திரங்களை அவர் வகுத்தார். இன்று உலகெங்கும் பள்ளிப் பாடநூல்களில் காணப்படும் பட்டியல் அதன் வழிவந்ததே. அந்நூலின் கிரேக்க மூலம், பிற்கால நூல்களில் எடுத்தாளப்பட்ட சில பகுதிகள் தவிர, முற்றும் மறைந்துவிட்டது. அது முழுமையாக நமக்குக் கிடைப்பது அரபு மொழியில் மட்டுமே. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சிக் காலத்தில் பஅல்பக் நகரத்தவரான குஸ்தா இப்னு லூக்கா அதை மொழிபெயர்த்தார். அவ்வரபுச் சுவடி ஒன்று ஹாலந்து நாட்டின் லெய்டன் நகருக்குச் சென்று சேர்ந்தது. அதை 1893இல் காரா த வோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பிரெஞ்சு மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். அதன் பின்னரே ஹீரோன் முழுமையாகச் சொன்னது என்ன என்பதை ஐரோப்பா அறிந்தது.

ஹீரோன் சொன்னவற்றுள் நமக்கு இன்றியமையாத ஒன்று உண்டு. 1000 தாலந்து எடையை 5 தாலந்து விசையால் நகர்த்தும் எந்திரத்தை விளக்கிவிட்டு, அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. இத்தகைய எந்திரங்களில் ஒரு தாமதம் நேர்கிறது என்று எச்சரிக்கிறார். விசை எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு காலம் கூடுகிறது. விசைக்கும் விசைக்கும் உள்ள விகிதம் எதுவோ, அதுவே காலத்திற்கும் காலத்திற்கும் உள்ள விகிதம். 200இல் ஒரு பங்கு விசையால் தூக்குபவன் 200 மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். ஆற்றல் என்னும் கருத்தே பிறவாத காலத்தில், எந்திரம் எதையும் இலவசமாகத் தருவதில்லை என்று கூறும் கணக்கு இது. சரிவில் இரட்டிப்பு வழி நடக்கும் எருதின் கணக்கும் இதுவே.

ஆனால் ஹீரோனின் ஐந்து எந்திரங்களில் சாய்தளம் இல்லை. அதைப் பற்றி அவர் பேசுகிறார். எனினும் அவருடைய கணக்கு சரியாக அமையவில்லை. எட்டுக்கு ஒன்றான சரிவில் எடையின் எட்டில் ஒரு பங்கு மட்டுமே தள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. கிணற்று மேட்டில் சரிவு வெட்டிய உழவர்களுக்கும் அது எண்ணாகத் தெரிந்திருக்காது. எருது முட்டியிடாமலும் சறுக்காமலும் இருக்க எவ்வளவு சரிவு வேண்டும் என்பதை அவர்கள் கண்ணாலும் காலாலும் அறிந்திருந்தனர்.

குஸ்தா இப்னு லூக்கா ஒரு கிறித்தவர் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். அவர் காலத்தில் வாழ்ந்து, தராசின் விதியைப் பற்றி ‘கிதாபுல் கறஸ்தூன்’ எழுதிய தாபித் இப்னு குர்றா (மறைவு 901) ஹர்ரான் நகரத்துச் சாபியீ சமயத்தவர். நெம்புகோலின் இரு முனைகளும் ஒரே நேரத்தில் வெவ்வேறு நீளமுள்ள வில்களை வரைகின்றன என்பதை அடிப்படையாகக் கொண்டு அவர் தராசின் சமநிலையை விளக்கினார். அசையாது நிற்கும் தராசை அசைவின் வழியே புரிந்துகொள்ளும் இம்முறை மிக ஆழமானது. நீண்ட கை அதிகத் தூரம் செல்கிறது, ஆகவே சிறிய எடை போதும் என்னும் சிந்தனை அதில் உள்ளது. இந்நூல் பின்னர் இலத்தீன் மொழிக்குச் சென்று இடைக்கால ஐரோப்பிய எடையியலுக்கு அடித்தளமாயிற்று. இவர்கள் இருவரையும் ‘முஸ்லிம் விஞ்ஞானிகள்’ பட்டியலில் சேர்த்து நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது பிழை. அரபு மொழி வளர்த்த அறிவு மரபு முஸ்லிம்கள், கிறித்தவர்கள், சாபியீகள், யூதர்கள் ஆகிய அனைவரின் உழைப்பினாலும் ஆனது. அப்படி ஓர் அவையைக் கூட்டி ஆதரித்ததே அக்கால ஆட்சியாளர்களின் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை நமக்குத் தேவையில்லை.

எந்திரக் கலைக்கு அரபு மொழியில் ‘இல்முல் ஹியல்’ என்று பெயர். ஹீலா என்றால் உபாயம், தந்திரம். கிரேக்கத்திலும் எந்திரத்தைக் குறிக்கும் சொல்லுக்கு அதே பொருள் உண்டு. தமிழில் இலாபம் என்கிறோம். அவர்கள் தந்திரம் என்றார்கள். இரு சொற்களும் ஒரே மயக்கத்தைத் தருகின்றன: இயற்கையிடமிருந்து எதையோ ஏமாற்றிப் பெற்றுவிட்டோம் என்னும் மயக்கம். அறிஞர் அல்ஃபாராபி அறிவுத் துறைகளைத் தொகுத்து எழுதியபோது, எடைகளின் இயலை வேறாகவும் உபாயங்களின் இயலை வேறாகவும் வகுத்தார். ஒன்று கணக்கு, மற்றொன்று கைவினை. இப்பிரிவினை நூலில் வசதியாக இருந்திருக்கலாம். ஆனால் கணக்கும் கைவினையும் தனித்தனி வீடுகளில் குடியிருந்ததால் நேர்ந்த இழப்பும் உண்டு என்று எண்ணத் தோன்றுகிறது.

கைவினையின் சிகரம் அல்ஜஸரி. தியார்பக்கர் நகரில் அர்துக் வமிசத்து ஆட்சியாளரிடம் பணியாற்றிய இவர் 1206இல் நிறைவுசெய்த நூலில் ஐம்பது கருவிகளை விளக்குகிறார். அவற்றுள் ஐந்து நீரேற்றும் கருவிகள். முதலாவதில், விலங்கு சுற்றும் அச்சில் ஒரு பகுதியில் மட்டும் பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று, அகப்பை பொருத்திய நீண்ட துலாக் கையை உயர்த்துகிறது. பற்கள் முடிந்ததும் கை தானே தாழ்ந்து நீரில் விழுகிறது. நம் ஏற்றத்தின் நெருங்கிய உறவு அது. இரண்டாவது கருவியில் இதே போன்ற நான்கு கைகள். ஒன்று தாழும்போது மற்றொன்று உயர்வதால், சுற்றும் விலங்கின்மீது சுமை திடீரென ஏறி இறங்காமல் ஏறத்தாழ ஒரே சீராக அமைகிறது. மொத்த வேலையில் ஒரு துளியும் குறையவில்லை. அது சுற்று முழுவதும் பரவி நிற்கிறது, அவ்வளவே. தருமபுரியின் சரிவும் அல்ஜஸரியின் நான்கு கைகளும் செய்வது ஒன்றே என்பதைக் காணும்போது நமக்கு உண்டாகும் மகிழ்ச்சி பெரிது. ஒருவர் மற்றவரிடம் கற்றதாக இதற்குப் பொருளில்லை. உழைக்கும் உயிரின் முதுகெலும்பு எல்லா நாட்டிலும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கிறது.

எருது கொண்டு தோல்சாலில் நீர் இறைப்பதை அரச குலத்தவர் ஒருவர் வருணித்திருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. முகலாயப் பேரரசை நிறுவிய பாபர் தம் நினைவுக் குறிப்பில் இந்துஸ்தானத்தின் பாசன முறைகளை எழுதுகிறார். லாகூர், தீபால்பூர், சிர்ஹிந்த் பகுதிகளில் பானைகள் கோத்த சக்கரம் சுழல்வதையும், ஆக்ரா, பயானா பகுதிகளில் எருதுகள் பெரிய சாலை இழுப்பதையும் கண்டு, பின்னது வருத்தமும் அழுக்கும் நிறைந்தது என்று முகம் சுளிக்கிறார். எருதின் சாணத்திலும் மூத்திரத்திலும் புரண்ட கயிறு மீண்டும் கிணற்றில் இறங்குகிறதாம். அரசரின் மூக்குக்கு அது பொருந்தவில்லை! ஆனால் பானைச் சக்கரத்தில் ஆழம் கூடக் கூடப் பானை மாலையும் நீள வேண்டும், அதன் எடை முழுவதையும் மேலச்சு தாங்க வேண்டும், மரப் பற்களின் உராய்வும் பெருகும். பாறையைக் குடைந்து ஆழத்தில் நீர் தேடும் நிலத்தில் ஒரு சால், ஒரு வடம், ஒரு சரிவு என்னும் கவலையே சிக்கனம். பாராமகால் என்று வழங்கிய இப்பகுதி திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது 1792இல். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1800இல், மைசூர் நாட்டுக்குப் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் தம் பயண நூலில் தென்னாட்டின் கபிலையையும் ஏற்றத்தையும் பெயர் சொல்லியே குறித்துச் செல்கிறார்.

இனி, ஹீரோனின் தாமதக் கணக்கு அரபு மொழியில் பல நூற்றாண்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், ஆற்றல் அழிவின்மை என்னும் விதி ஏன் அங்குப் பிறக்கவில்லை? இக்கேள்வியை நேர்மையுடன் எதிர்கொள்ள வேண்டும். எல்லாம் முன்னரே நம்மவர் கண்டதுதான் என்று கூறி நழுவுவது அறிவுக்கும் முன்னோருக்கும் செய்யும் அவமரியாதை. முன்னோரும் மயக்கத்துக்கு ஆளாயினர். 1150இல் இரண்டாம் பாஸ்கரர், ஆரங்களில் பாதரசம் நிரப்பிய சக்கரம் தானே ஓயாது சுழலும் என்று எழுதினார். இடைக்கால அரபுச் சுவடிகளிலும் தானே சுழலும் சக்கரங்களின் வரைபடங்கள் உள்ளன. ஐரோப்பியரும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவற்றை வரைந்தனர். தாமதக் கணக்கை அறிந்த உலகிலேயே, அக்கணக்கைப் பொய்யாக்கும் சக்கரத்தைத் தேடும் ஆசையும் உடன் வாழ்ந்தது.

காரணம் உராய்வு என்று கருதுகிறோம். தாளில் எழுதும் கணக்கு சரியாக முடிகிறது. கிணற்று மேட்டில் முடிவதில்லை. எருது 1500 அலகு வேலை செய்தால் நீரில் 1500 சேர்வதில்லை. உருளை கிறீச்சிடுகிறது, வடம் தேய்கிறது, சால் சுவரில் மோதுகிறது, வழியில் நீர் சிந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு காணாமற்போகிறது. காணாமற்போவது கண்ணெதிரே தெரியும்போது, எதுவும் அழிவதில்லை என்று எவரால் கூற முடியும்? காணாமற்போன பங்கு எங்கே சென்றது என்று கண்டால்தான் அக்கணக்குப் புத்தகத்தை மூட முடியும்.

அதைக் காண நெடுங்காலம் ஆயிற்று. 1586இல் ஸ்டெவின் என்னும் டச்சுப் பொறியாளர், இரு சரிவுகளின்மேல் சுற்றிப் போட்ட குண்டு மாலை தானே ஓயாது சுழல இயலாது என்னும் ஒரே எண்ணத்திலிருந்து சாய்தளத்தின் விதியை மெய்ப்பித்தார். தானே சுழலும் சக்கரம் இல்லை என்பதையே அவர் அறிவின் கருவியாக்கினார். 1600ஐ ஒட்டி கலிலியோ, எந்திரத்தால் இயற்கையை ஏமாற்றலாம் என்று நம்பிய பொறியாளர்களின் பிழையை எடுத்துக்காட்டினார். தந்திரம் என்னும் பழைய பெயருக்கு அத்துடன் பொருள் போயிற்று. 1775இல் பாரிஸ் அறிவியல் கழகம், ஓயாச் சக்கரம் பற்றிய விண்ணப்பங்களை இனி ஆராய்வதில்லை என்று முடிவெடுத்தது. எனினும் காணாமற்போன பங்கின் முகவரி அப்போதும் தெரியவில்லை.

அது வெப்பம். 1840இல் சாவகத் தீவுக்குச் சென்ற கப்பலில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் மையர், வெப்ப நாட்டில் மனிதரின் சிரை இரத்தம் சிவந்திருப்பதைக் கண்டு சிந்திக்கத் தொடங்கி, 1842இல் வெப்பமும் வேலையும் ஒன்றுக்கொன்று ஈடானவை என்று எழுதினார். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் மதுவடிப்பாலை உரிமையாளரின் மகனான ஜூல், கயிற்றில் கட்டிய எடைகள் தாழும்போது நீருக்குள் துடுப்புச் சக்கரம் சுழலுமாறு ஒரு கருவி அமைத்து, நீர் எவ்வளவு சூடேறுகிறது என்று அளந்தார். கவலையைத் தலைகீழாக்கினால் அதுதான்: அங்கே எடை தாழ்ந்து நீரைக் கலக்குகிறது, இங்கே எருது தாழ்ந்து நீரை உயர்த்துகிறது. ஒரு லிட்டர் நீரை ஏறத்தாழ 427 மீட்டர் உயர்த்தும் வேலை அதே நீரை ஒரு செல்சியசு பாகை சூடாக்கும் என்பது இன்றைய அலகுகளில் அவர் கண்டதன் சாரம். நயாகரா அருவியின் அடியில் நீர் மேலிருப்பதைவிட ஃபாரன்ஹீட் பாகையில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக இருக்கும் என்றும் அவர் கணித்தார். நம் ஒகேனக்கல்லுக்கும் அக்கணக்கைப் போடலாம். காவிரி அங்கு 20 மீட்டர் விழுவதாகக் கொண்டால், நீரின் வெப்பம் செல்சியசில் இருபதில் ஒரு பங்கு பாகை கூடும். அருவியில் குளிப்பவருக்கு அது தெரியாது. நுண்ணிய வெப்பமானிக்குத் தெரியும். 1847இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இவை அனைத்தையும் ஒரே விதியாகத் தொகுத்தார். உருளையின் கிறீச்சொலியில் மறைந்த பங்கு, சூடேறிய அச்சில் அகப்பட்டது.

ஹீரோனின் கணக்கைக் காத்துத் தந்தது அரபு மொழி. அதற்கு மறுக்க முடியாத சான்று லெய்டன் சுவடி. அக்கணக்கை முடித்துவைக்கத் தேவைப்பட்ட வெப்பமானியும் வெப்பத்தை அளக்கும் முறையும் அந்நூற்றாண்டுகளில் எவரிடமும் இல்லை. இவ்வளவே உண்மை. இதில் குறையுமில்லை, கூட்டிச் சொல்லத் தேவையுமில்லை.

தருமபுரிக்குத் திரும்புவோம். எண்ணெய் எந்திரமும் பின்னர் மின்மோட்டாரும் வந்து கவலையை ஓய்வுபெறச் செய்தன. சென்னை மாகாணத்தில் எண்ணெய் எந்திர இறைப்பை முன்னின்று பரப்பிய ஆல்பிரட் சாட்டர்டன் பொறியியல் பேராசிரியர். நீரேற்றுப் பாசனம் பற்றி 1912இல் நூல் வெளியிட்டவர். எருதின் உழைப்பு மலிவானது அன்று என்பதே அவர் போன்றோரின் வாதம். அவ்வாதம் சரியே. நாம் மேலே கண்ட சாலுக்கு 1500 கிலோகிராம்-மீட்டர், அதாவது ஏறத்தாழ 14,700 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 இலட்சம் ஜூல். இழப்பே இல்லாவிடில் அது 245 சாலுக்குச் சமம். மோட்டாரும் குழாயும் நாற்பது விழுக்காடு பயனுறுதிறன் கொண்டவை என்று கொண்டாலும் 98 சால். நிமிடத்திற்கு ஒரு சால் என்றாலும் ஓர் இணை எருதின் ஒன்றரை மணி நேர உழைப்பு ஒரு யூனிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. எருதின் கழுத்துப் புண்ணைக் கண்டவர் எவரும் பழைய நாள் திரும்ப வேண்டும் என்று விரும்பார்.

ஆனால் எருது ஒரு கணக்குப் புத்தகமாகவும் இருந்தது. நீர் ஓர் அடி இறங்கினால் வடத்தை ஓர் அடி நீட்ட வேண்டும், எருது ஓர் அடி கூடுதலாக நடக்க வேண்டும். மாலைக்குள் இறைக்கும் சால்களின் எண்ணிக்கை குறையும். ஏற்றப் பாட்டில் எண்ணிக்கை கேட்ட காலத்தில் நீர்மட்டம் இறங்குவதை உழவர் காதாலேயே அறிந்தனர். மின்விசையை அழுத்தும் விரலுக்கு 10 மீட்டரும் 300 மீட்டரும் ஒன்றே. 1990களுக்குள் வேளாண் மின்சாரம் கட்டணமற்றதாகவும் ஆகிவிட்டபின், மாதக் கட்டணச் சீட்டு என்னும் கடைசிக் கணக்கும் மறைந்தது. கட்டணமின்மை ஏழை உழவரைக் காத்தது என்பதை நாம் மறுக்கவில்லை. கடன் மட்டும் மறையவில்லை. 10 மீட்டர் கிணற்றில் 98 சால் தந்த அதே யூனிட், ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணற்றில் ஏறத்தாழ 490 லிட்டர், அதாவது மூன்றேகால் சால் மட்டுமே தரும். எஞ்சியது எங்கோ ஓர் அனல் நிலையத்தில் நிலக்கரியாக எரிகிறது. ஹீரோன் சொன்ன தாமதம் இன்று வேறோர் ஊரில், வேறொருவர் கணக்கில் நிகழ்கிறது.

ஆழத்திற்கு இன்னொரு விலையும் உண்டு. இம்மாவட்டத்தின் பாறை நீரில் ஃப்ளூரைடு மிகுதி. பல்லில் கறையும் எலும்பில் முடக்கமும் கண்ட ஊர்கள் இங்குப் பல. அதனாலேயே ஜப்பானின் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் தணிப்புத் திட்டம் 2008இல் தொடங்கப்பெற்று, 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களும் அந்நீரைப் பெறுகின்றன. காவிரி அருவியாக விழும் இடத்துக்கும் தருமபுரி நகருக்கும் உயர வேறுபாடு 200 மீட்டருக்கும் மேல். விழுந்து ஓடும் நீரை மனிதர் மீண்டும் மேட்டுக்கு ஏற்றுகின்றனர்.

இயற்பியல் ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் போட்டுக் காட்டலாம். தெருக்குழாயில் ஒரு பெண்மணி பிடிக்கும் குடத்தில் 15 லிட்டர் நீர். அது 200 மீட்டர் உயர்ந்து வந்திருக்கிறது. 15ஐ 200ஆல் பெருக்கினால் 3000 கிலோகிராம்-மீட்டர். கவலையில் ஒரு சாலுக்கு 1500. எனவே அவர் இடுப்பில் ஏறும் ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் ஓர் இணை எருதுகள் சரிவில் இரண்டு முறை இறங்கி ஏறிய வேலை இருக்கிறது.

குழாயடிக்குச் சற்றுத் தள்ளி, கருவேல முட்களுக்கு நடுவே, அக்கல்தூண்கள் நிற்கின்றன.